டேட்டாபேஸ் பாரிஸில், கடை போர்ட் லூயியில்: ரெடிஸ் போட்டால் வேகம் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது "ரெடிஸ் போடட்டுமா, வேண்டாமா" என்ற ஒரு வரிதான். (ரெடிஸ் என்பது கேஷ் வைக்க உதவும் மென்பொருள், கேஷ் என்றால் அடிக்கடி கேட்கும் பதிலை ஒரு முறை எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது.) ஆனால் அதற்கு மேலே கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் நிஜமாகக் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. பூஜைச் சாமானும் சேலையும் விற்கும் உங்கள் தளத்தில் பொருள் பட்டியல் திறக்க நாலரை வினாடி ஆகிறது, போன தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் தளம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது, இந்த வருடமும் அப்படி ஆகாமல் இருக்க என்ன வழி என்பதுதான் கேள்வி. தளம் ஓடும் சர்வர் இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயியில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மட்டும் பாரிஸில் வாடகைக்கு எடுத்த கிளவுடில், நடுவே பிங், அதாவது ஒரு முறை போய்வர ஆகும் நேரம், 210 மில்லிவினாடி. அதே கிளவுட்காரர்கள் ரெடிஸும் மாத வாடகைக்குத் தருகிறார்கள், நண்பர் அதை வாங்கச் சொல்கிறார். சுருக்கமாகச் சொன்னால், அங்கே வாங்காதீர்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளம். நான் இங்கே எபேன் நகரில் 16 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், பெரும்பாலும் ஹோட்டல் முன்பதிவுத் தளங்கள். கடை வியாபாரத்தின் நெளிவுசுளிவு உங்களுக்குத்தான் தெரியும், நான் கணினிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு போடுவோம். நாலரை வினாடியை 210 மில்லிவினாடியால் வகுத்தால் 21 சொச்சம் வருகிறது. அதாவது ஒரு பக்கத்தைக் காட்ட உங்கள் சர்வர் பாரிஸுக்கு ஏறக்குறைய இருபத்தொரு முறை போய்வருகிறது, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. புதிதாக ஒரு இணைப்பைத் திறக்கவே நாலைந்து முறை போய்வர வேண்டும்: இரண்டு கணினிகளும் தொடர்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கல், பேச்சை மறைகுறியாக்கும் டிஎல்எஸ், அப்புறம் கடவுச்சொல் சரிபார்ப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இணைப்பு திறக்கிறீர்கள் என்றால் ஒரு வினாடி அங்கேயே காலி. மீதி பதினாறு, பதினேழு குவெரிகள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள். பட்டியலை ஒரு குவெரியில் எடுத்துவிட்டு, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோடு) போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வகை என்ன, படம் எது என்று தனித்தனியாகக் கேட்கும் கோடாக இருக்கும். நான் பார்த்த பத்துத் தளங்களில் ஏழெட்டில் இதுதான் கதை, எழுதியவருக்கே தெரியாமல், அவருக்காகக் குவெரி எழுதித்தரும் ஓஆர்எம் நூலகம் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கிளவுடின் கட்டுப்பாட்டுப் பலகையில் நண்பர் என்ன பார்த்திருப்பார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. சராசரி குவெரி நேரம் 1 மில்லிவினாடிக்கும் கீழே என்று பச்சையாகக் காட்டியிருக்கும். அது பொய்யில்லை. டேட்டாபேஸ் தன் வாசலில் கேள்வி வந்ததிலிருந்து பதில் தயாராகும் வரைதான் எண்ணும், கடலுக்கடியில் போன நேரம் அதன் கணக்கில் வராது. போர்ட் லூயியிலிருந்து பாரிஸுக்கு நேர்கோட்டில் சுமார் 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் ஓடும், ஆகவே போய்வர 94 மில்லிவினாடிக்குக் குறையவே குறையாது, எத்தனை பணம் கொட்டினாலும். கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை. நம் தீவிலிருந்து போகும் சேஃப் கேபிள் ஒரு பக்கம் தென்னாப்பிரிக்காவுக்கும் மறுபக்கம் இந்தியா, மலேசியாவுக்கும் போகிறது, லயன் கேபிள் ரீயூனியன், மடகாஸ்கர் வழி. ஐரோப்பாவைத் தொட எந்த வழியானாலும் ஒரு சுற்று சுற்றித்தான் ஆக வேண்டும், அதனால் உங்கள் 210 நியாயமான எண்தான்.

இப்போது ரெடிஸுக்கு வருவோம். ரெடிஸ் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்திருப்பதால் கேட்டதும் தூக்கிக் கொடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாரிஸில் ரெடிஸ் வைத்து, லூப்புக்குள் டேட்டாபேஸுக்குப் பதில் அதைக் கேட்டால் என்ன ஆகும்? கடை அதே தூரத்தில்தான் இருக்கிறது, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஆள் மட்டும் சுறுசுறுப்பானவர். 210.8 என்பது 210.3 ஆகும். மாத வாடகை மட்டும் மிச்சம்... இல்லை, அதுவும் மிச்சமில்லை.

ஆகவே கேஷுக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. லூப்பில் கேட்பதை, பல அட்டவணைகளைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்கும் ஜாயின் போட்டு ஒன்றிரண்டு குவெரியாகச் சுருக்குங்கள். இணைப்புகளை மூடாமல் ஒரு பூலில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது: கோடும் டேட்டாபேஸும் ஒரே ஊரில் இருக்க வேண்டும். எந்த ஊர் என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் போர்ட் லூயிக்குக் கொண்டுவரலாம், இரண்டையும் பாரிஸிலேயே வைக்கலாம் (அப்போது வாடிக்கையாளரின் பிரவுசர் சில தடவை மட்டும் பாரிஸுக்குப் போய்வரும், இருபது முறை இல்லை), இல்லையென்றால் கேப் டவுன் மாதிரி பாரிஸைவிடப் பக்கத்தில் ஒரு இடம். கேப் டவுன் நமக்கு நேர்கோட்டில் 4,100 கிலோமீட்டர்தான், அமேசான் அங்கே 2020லேயே தன் கிளவுட் மையத்தைத் திறந்துவிட்டது. உள்ளூரில் பேக்கப்பும் பராமரிப்பும் பார்க்க நம்பிக்கையான ஆள் இருந்தால் நான் போர்ட் லூயியைத்தான் தேர்ந்தெடுப்பேன், வாங்குகிறவர்கள் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்து முடித்ததும் கேஷே தேவையில்லாமல் போகலாம். மூவாயிரம் பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருளுக்கு 2 கிலோபைட் என்று வைத்தாலும் மொத்தம் 6 மெகாபைட். போஸ்ட்கிரெஸ் எதையும் மாற்றாமல் விட்டாலே 128 மெகாபைட்டைத் தன் சொந்தக் கேஷாக ஒதுக்கிக்கொள்ளும், அதற்குக் கீழே இயங்குதளமும் கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். உங்கள் கடை மொத்தமும் ஏற்கெனவே நினைவகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. "டேட்டாபேஸ் என்றால் வட்டு, வட்டு என்றால் மெதுவு" என்ற பயம் இந்த அளவுக்குச் செல்லாது.

சரி, அப்படியும் கேஷ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், காவடிக் கூட்டத்துக்கு அது உதவவும் உதவும். இந்தச் சொல்லையே நம்மூரில் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அலுவலகத்தில் "கேஷ் நிறைந்துவிட்டது" என்று சொல்லி, தமிழ் எழுத்து அச்சிட்ட நம் ரூபாய் நோட்டு ஞாபகம் வந்து கணக்குப் பிரிவுக்காரர் திரும்பிப் பார்த்தது உண்டு. பிரெஞ்சில் ஒளித்துவைப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது இது. எனக்கு அதைவிட அரைத்துவைத்த மாவு என்று சொல்வதுதான் பிடிக்கும். ஒரு முறை அரைத்துவிட்டால் நாலு நாளைக்குத் தோசை ஊற்றலாம், ஐந்தாம் நாள் புளிக்கும். கேஷைப் பற்றிய கேள்விகளில் முக்கால்வாசி, எப்போது புளிக்கும், புளித்தால் யாருக்கு வயிற்றுவலி என்பதுதான். அதை முடிவு செய்ய வேண்டியது கோடு எழுதுகிறவர் இல்லை, கடைக்காரர்.

உங்கள் கடையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பொருளின் படம் மாறுவதே இல்லை, மாறினால் கோப்புப் பெயரையும் மாற்றிவிட்டால் போதும், ஒரு வருடம் வைத்துக்கொள்ளும்படி பிரவுசருக்குச் சொல்லிவிடலாம். பொருள் பட்டியல் ஐந்து நிமிடம் பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விலை? பட்டியலில் பழசாகத் தெரியலாம், ஆனால் பணம் கட்டும் பக்கத்தில் நேராக டேட்டாபேஸைக் கேட்டே ஆக வேண்டும். பால் எடுக்கும் பித்தளைச் சொம்பு கடைசி பத்து இருக்கும்போது "கையிருப்பில் உள்ளது" என்பதை ஐந்து நிமிடம் கேஷ் செய்தால், நாற்பது பேருக்கு விற்றுவிட்டு முப்பது பேருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பீர்கள். அதுவும் விரதம் இருப்பவர்களிடம். முகப்பில் "இன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்ற பட்டை வைத்திருக்கிறீர்களே, அதை ஒரு நாள் முழுக்கக் கேஷ் செய்துவிட்டு மத்தியானம் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூடையும் வாடிக்கையாளரின் கணக்குப் பக்கமும் பொதுக் கேஷுக்குள் போகவே கூடாது.

பஞ்சாங்கப் பக்கம் ஒன்றும் வைத்திருக்கிறீர்கள், அது கேஷுக்கென்றே பிறந்தது. கணக்குப் போடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், போட்டால் நாள் முழுக்க மாறாது. ஆனால் சர்வர் கடிகாரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறதா என்று பாருங்கள். நாம் யுடிசிக்கு நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தேதியை வைத்து இதே மாதிரி ஒரு பக்கத்தைக் கேஷ் செய்து நான் கொடுத்தேன், விடிகாலை நான்கு மணி வரை அது நேற்றைய திதியைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றரைக்கு எழுந்து குளித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கோவிலில் ஒரு பெரியவரிடம் வழிந்துகொண்டே சொன்னபோது, சூரியன் உதிக்கும் வரை பஞ்சாங்கத்துக்கு நேற்றுதானப்பா, உன் பிழை சாஸ்திரப்படி சரி என்றார். அந்த ஒரு பிழைக்கு மட்டும் அப்படி ஒரு மன்னிப்புக் கிடைத்தது.

மற்ற பிழைகளுக்குக் கிடைக்கவில்லை. முன்பு ஒரு இடத்தில் ஹோட்டல் அறை விலைகளைக் கேஷ் செய்தோம். கீயில், அதாவது கேஷில் ஒன்றை எந்தப் பெயரில் வைத்துத் தேடுகிறோமோ அதில், ஹோட்டல், அறை வகை, தேதி மூன்றும் இருந்தன, நாணயம் இல்லை. விலை வெறும் எண்ணாகச் சேமிக்கப்பட்டது, பக்கத்தில் ஒட்டும் நாணயக் குறி வாடிக்கையாளரின் குக்கீயிலிருந்து (பிரவுசர் நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) வந்தது. ஒருவர் யூரோவில் பார்த்ததும் 180 என்று உள்ளே போய் உட்கார்ந்தது. அடுத்து ரூபாயில் பார்த்தவருக்கு அதே அறை 180 ரூபாய். அந்தக் காசுக்கு இங்கே இரண்டு பேர் சாப்பிடுவதே சந்தேகம், அவர் கடலைப் பார்த்த அறை மூன்றை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: பதிலை மாற்றக்கூடிய விஷயம் என்னென்ன என்று தாளில் எழுதி, ஒவ்வொன்றும் கீயில் இருக்கிறதா என்று டிக் போட்ட பிறகுதான் கேஷை இயக்குவேன். உங்களுக்கு மொழி, நாணயம், கடைக்காரர் விலையா சில்லறை விலையா என்பது, உள்நுழைந்தவரா இல்லையா என்பது, குறைந்தது இந்த நான்கும் வரும்.

உள்நுழைந்தவர் விஷயம் வேடிக்கையில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில், தாக்குதல் கூட்டத்தைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட ஒரு கேஷ் அமைப்பு தவறாகிப்போய், ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் தெரிந்தது, சுமார் 34,000 பேரின் விவரம் அப்படி வெளியே போனது. சிடிஎன், அதாவது பக்கங்களின் நகலைப் பல ஊர்களில் வைத்துத் தரும் சேவை, வைக்கும்போது உங்களுக்கும் இதே ஆபத்து. பக்கத்தோடு சர்வர் அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் என்ற குறிப்பில் பலரும் தவறும் ஒரு இடம் இருக்கிறது: நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று அர்த்தமில்லை, சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் கொடு என்றுதான் அர்த்தம். சேமிக்கவே கூடாது என்றால் நோ-ஸ்டோர். கணக்குப் பக்கங்களுக்கு அதைப் போடுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு, உங்களிடம் ஒரே சர்வர் என்றால் ரெடிஸே வேண்டாம், பட்டியலை உங்கள் புரோகிராமின் நினைவகத்திலேயே ஒரு மேப்பில் (பெயர் சொன்னால் மதிப்பைத் தரும் அட்டவணை) வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். நினைவகத்தை நேராகத் தொட 100 நானோவினாடி போதும், பக்கத்து எந்திரத்து ரெடிஸை நெட்வொர்க்கில் கேட்க அரை மில்லிவினாடி வரை ஆகலாம், ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். புரோகிராமை மறுபடி தொடங்கினால் அழிந்துபோகும், போகட்டும், 6 மெகாபைட்தானே. ஒன்று கவனிக்க வேண்டும், பிஎச்பி மாதிரி ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஓடும் மொழி என்றால் சாதாரண மாறியில் வைத்தது நிற்காது, கோரிக்கைகளுக்கு நடுவே நினைவகத்தில் வைத்துத்தரும் ஏபிசியு என்ற பிஎச்பி நீட்சி போல ஒன்று வேண்டும். இரண்டு மூன்று சர்வர் ஆகும்போதுதான் பொதுவான ரெடிஸுக்கு அர்த்தம், அதையும் சர்வர்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வைத்தால் நினைவக உச்சவரம்பை மறக்காமல் குறிப்பிடுங்கள். 64 பிட் எந்திரத்தில் ரெடிஸுக்கு இயல்பாக வரம்பே கிடையாது, தின்றுகொண்டே போகும். வரம்பு மட்டும் போட்டுவிட்டு, நிறைந்தால் எதை வெளியேற்றுவது என்ற விதியைச் சொல்லாமல் விட்டால், நிறைந்ததும் எழுத மறுக்கும்.

விலையை மாற்றும்போது கேஷை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு அந்தக் கீயை அழித்துவிடுங்கள், புது விலையை நீங்களே கேஷில் எழுதப் போகாதீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் எது கடைசியாகப் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அழித்தாலும் ஒரு சின்னச் சந்து இருக்கிறது: ஒருவர் பழைய விலையைப் படித்துக் கையில் வைத்திருக்கும்போது நீங்கள் மாற்றி அழிக்கிறீர்கள், அதன் பிறகு அவர் தன் கையில் இருந்த பழையதைக் கேஷில் வைக்கிறார். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். அதனால்தான் அழிப்பதோடு கூடவே ஒரு காலாவதி நேரமும் எப்போதும் இருக்க வேண்டும்.

கேஷ் போட்டவர்கள் பெரும்பாலும் யோசிக்காத கணக்கு ஒன்று. 100 கோரிக்கையில் 99 கேஷிலேயே முடிகிறது என்றால் டேட்டாபேஸுக்கு ஒன்றுதான் போகிறது. அது 90 ஆகக் குறைந்தால், கேட்க ஒன்பது சதவீதம் சரிவு மாதிரிதான் இருக்கும், ஆனால் டேட்டாபேஸுக்குச் சுமை பத்து மடங்கு. கேஷை நம்பியே சின்ன எந்திரமாக வாடகைக்கு எடுத்திருந்தீர்கள் என்றால் அங்கேயே படுத்துவிடும். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் இரண்டரை மணி நேரம் முடங்கியது இந்த வகைதான். கேஷில் ஒரு அமைப்பு மதிப்பு தவறு என்று கண்டதும் ஒவ்வொரு கணினியும் அதைச் சரிசெய்ய டேட்டாபேஸுக்கு ஓடியது, டேட்டாபேஸ் திணறிப் பிழை கொடுத்தது, அந்தப் பிழையையும் தவறான மதிப்பு என்று எடுத்துக்கொண்டு கேஷை இன்னும் அழித்தன. கடைசியில் தளத்தையே நிறுத்தித்தான் சுழலை உடைத்தார்கள். உங்கள் அளவில் இது எப்படி வரும் என்றால், கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மாலை முந்நூறு பேர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடக் கெடு முடியும், முந்நூறு பேருக்காகவும் ஒரே குவெரி ஒரே நொடியில் கிளம்பும். ஒருவர் மட்டும் போய் எடுத்துவரட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும் அல்லது பழசையே இன்னும் இரண்டு வினாடி பார்க்கட்டும் என்று ஒரு பூட்டு போட்டால் தீர்ந்தது. கேஷ் நூலகங்கள் பலவற்றில் இது தயாராகவே இருக்கும். சிடிஎன்னில் அதே வேலையை ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் என்ற குறிப்பு செய்யும். காலாவதிகளும் எல்லாவற்றுக்கும் ஒரே நிமிடமாக இல்லாமல் முன்னே பின்னே கொஞ்சம் கலைந்திருக்கட்டும்.

போன வருடம் தளம் ஏன் விழுந்தது என்பதில் நான் சொல்வது ஊகம்தான். தூரக் கணக்கு மாதிரி இதில் அடித்துச் சொல்ல மாட்டேன். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புதான் ஏற்கும். ஒரு பக்கம் ஒரு இணைப்பை நாலரை வினாடி பிடித்துவைத்திருந்தால், 100ஐ 4.5ஆல் வகுக்க, வினாடிக்கு 22 பக்கம்தான் உச்சம், இருபத்துமூன்றாவது ஆள் வெளியே நிற்கிறார். அவர் பொறுக்காமல் மறுபடி மறுபடி ரீலோட் அழுத்துவார், வரிசை இன்னும் நீளும். அதே பக்கம் 0.2 வினாடியில் முடிந்தால் அதே 100 இணைப்பில் 500 பக்கம். இது சரியாக இருந்தால் உங்களுக்குப் பெரிய எந்திரம் வேண்டாம், பக்கம் சீக்கிரம் முடிந்தால் போதும். பழைய லாக் (சர்வரின் பதிவுக் கோப்பு) இருந்தால் இணைப்புகள் தீர்ந்துவிட்டன என்ற பிழை அந்த வாரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் என் ஊகம் தப்பு, வேறு எங்கோ அடைப்பு.

இன்று ராத்திரியே ஒன்று செய்யலாம். எல்லா குவெரியையும் பதியும்படி போஸ்ட்கிரெஸ் லாகை ஐந்து நிமிடம் மட்டும் திறந்துவைத்து, யாரும் இல்லாத நேரத்தில் பட்டியல் பக்கத்தை ஒரே ஒரு முறை திறந்து, எத்தனை வரி விழுகிறது என்று எண்ணுங்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும். புது இணைப்பு விழுந்த வரி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் வந்தால் அந்த லூப்பை இங்கே ஒட்டுங்கள், ஜாயினாக மாற்றித் தருகிறேன். இரண்டோ மூன்றோதான் வந்தது என்றால் என் கணக்கு முழுக்கத் தப்பு, அப்போது அந்த இரண்டு குவெரியையும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரி எப்படி ஓடியது, எங்கே நேரம் போனது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்து விடையை ஒட்டுங்கள், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் பக்கமிருந்து மறுபடி தொடங்கலாம்.